வாசகர் கேள்வி: ட்ரேசியின் கல்லறை முன்னால் நிற்பது யார்?

சேலம் வாசகர்: ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒரு ஆளின் பெயரே இல்லை, வேலைக்குச் சேரும் உளவாளிக்கு அலுவலகம் வைக்கும் பெயர், அதனால்தான் ஆறு நடிகர்கள், ஆறு பாண்டுகள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

மகனிடம் இந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். அவர் சொல்வதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோட்நேம் தியரி'. 1962-இல் 'டாக்டர் நோ'வில் ஷான் கானரி, 2021-இல் 'நோ டைம் டு டை'யில் டேனியல் கிரேக். அறுபது வருடம் ஒரே ஆள் ஓட முடியாது, எனவே பெயர் கைமாறுகிறது என்பது வாதம். கேட்டவுடன் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. காரணம் ஒரு கல்லறை.

1969-இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' ஜார்ஜ் லாசன்பி பாண்டாக நடித்த ஒரே படம். ட்ரேசியைக் கல்யாணம் செய்துகொண்டு காரில் கிளம்புகிறார். வழியில் நிறுத்திக் காரில் இருக்கும் பூ அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரி ப்ளோஃபெல்டின் கார் கடந்து போகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, அவள் உயிர் போய்விடுகிறது. வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை, எங்களுக்கு எல்லா நேரமும் இருக்கிறது என்கிறார் பாண்ட். அத்தோடு படம் முடிகிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'. இப்போது பாண்ட் ரோஜர் மூர். முதல் காட்சியே ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். கையில் பூக்களோடு வந்து ஒரு கல்லின் முன்னால் குனிகிறார். டிவிடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்தக் கல்லை என் கோடு போட்ட நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். தெரெசா பாண்ட் (ட்ரேசியின் முழுப்பெயர்), 1943–1969, ஜேம்ஸ் பாண்டின் அன்பு மனைவி. அதற்குக் கீழே, போலீஸ்காரரிடம் சொன்ன அதே வரி.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் முந்தையவரின் மேசையை எடுத்துக்கொள்வார், 007 என்ற எண்ணையும் எடுத்துக்கொள்வார். அவருடைய மனைவியின் கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு போவாரா? மூரின் முகத்தைப் பாருங்கள். அது இன்னொருவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவரின் முகம் இல்லை.

இது ஒரு காட்சியோடு நிற்கவில்லை. 1977-இல் 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் ரஷ்ய உளவாளி ஆன்யா பாண்டின் ஜாதகத்தையே ஒப்பிக்கிறாள். மனைவி கொல்லப்பட்டதற்கு வந்ததும் பாண்ட் போதும் என்று நிறுத்திவிடுகிறார். 1989-இல் 'லைசென்ஸ் டு கில்' படத்தில் பாண்ட் திமோதி டால்டன். நண்பர் ஃபீலிக்ஸின் கல்யாணத்தில் மணப்பெண் விளையாட்டாகப் பேச, அவர் முகம் வாடிவிடுகிறது. அவருக்கும் ஒருமுறை கல்யாணம் ஆனது, ரொம்ப நாளைக்கு முன்னால், என்று ஃபீலிக்ஸ் அவளுக்குச் சொல்கிறார். அப்புறம் குடும்ப வாசகம். 'உலகமே போதாது' என்பது பாண்ட் குடும்பத்தின் வாசகம் என்று லாசன்பி படத்தில் வருகிறது. முப்பது வருடம் கழித்து அதே வார்த்தைகளைத் தலைப்பாகக் கொண்ட 1999 படத்தில், அது எங்கள் குடும்ப வாசகம் என்கிறார் பியர்ஸ் பிராஸ்னன். அலுவலகம் வைத்த பெயருக்கு ஏது குடும்பம்?

உங்கள் மகன் குழம்புவதற்கும் நியாயம் உண்டு. கைமாறுவது 007 என்ற எண். 'நோ டைம் டு டை'யில் நோமி என்ற பெண் 007 ஆகிவிடுகிறாள். பாண்ட் அப்போதும் பாண்டாகத்தான் இருக்கிறார்.

விருதுநகர் வாசகி: ஒரே ஆள் என்றால் வயது எப்படிச் சரியாகும்?

சரியாகாது. பிராஸ்னன் பிறந்தது 1953-இல். அந்தக் கணக்கில் ட்ரேசியைக் கட்டிக்கொண்டபோது அவருக்குப் பதினாறு வயது! ஆள் ஒருவர், அவரைச் சுற்றி வருடங்கள்தான் நகர்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் 1962 முதல் 2002 வரையிலான இருபது படங்களையும் நான் பார்க்கிறேன். இருபதாவது படமான 'டை அனதர் டே'யில் பாண்டுக்குக் கருவிகள் செய்துதரும் க்யூ புதுக் கைக்கடிகாரம் கொடுக்கும்போது, இது உங்களுக்கு இருபதாவது இல்லையா என்கிறார். அவருடைய கிடங்கில் 1963 படத்தில் வந்த கத்தி வைத்த ஷூவும் இருக்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: 1967 படத்தில் வில்லன் ப்ளோஃபெல்டும் பாண்டும் நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார்கள். 1969-இல் மூக்குக்கண்ணாடி போட்டதும் ப்ளோஃபெல்டுக்கு அடையாளம் தெரியவில்லையே. இதுவே ஆள் வேறு என்பதற்குச் சாட்சி இல்லையா?

கோட்நேம் அணியின் பலமான வாதம் இதுதான், மறுக்க மாட்டேன். விடை புத்தக அலமாரியில் இருக்கிறது. இயான் ஃப்ளெமிங் 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ்' நாவலை 1963-இல் வெளியிட்டார், நீங்கள் சொல்லும் 1967 படத்தின் மூலமான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' 1964-இல் வந்தது. கதையில் மனைவி சாவது முன்னால், பழி வாங்குவது பின்னால். படம் எடுத்தவர்கள் இந்த வரிசையை மாற்றிவிட்டார்கள். நாவலின்படி 1969 கதைதான் இருவரின் முதல் சந்திப்பு. அதை ஏறக்குறைய அப்படியே எடுத்ததால் வந்த கோளாறு இது. அதே படத்தில் லாசன்பி ராஜினாமா செய்துவிட்டு மேசையைக் காலி செய்யும் காட்சியையும் பாருங்கள். 'டாக்டர் நோ'வில் கதாநாயகி ஹனி இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டும் கத்தியும் இழுப்பறையிலிருந்து வருகின்றன. எடுத்து ஒரு நிமிடம் பார்க்கிறார். வேறு ஆளின் இழுப்பறை என்றால் அப்படிப் பார்க்க மாட்டார்.

மதுரை வாசகர்: உளவுத்துறைத் தலைவர் எம் ஆக ஜூடி டென்ச் பிராஸ்னன் படங்களிலும் வருகிறார், கிரேக் படங்களிலும் வருகிறார். அப்படியானால் இருவரும் ஒரே உலகம்தானே?

இல்லை. 2006 'கேசினோ ராயல்' புதிதாக ஆரம்பிக்கிறது. பாண்ட் அப்போதுதான் கொல்ல அனுமதிக்கும் இரட்டைச் சுழி (00) உரிமம் வாங்குகிறார். நல்ல நடிகையை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரிலும் இதே சிக்கல் உண்டு. 'கேசினோ ராயலி'ல் சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். 2012 'ஸ்கைஃபாலி'ல் வலது பக்கம், கூடவே 1964 படத்தில் அந்தக் காரில் மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகளும். நான்கு முறை பார்த்தேன், ஒட்ட வைக்க வழியே இல்லை. ஆனால் அதே 'ஸ்கைஃபாலி'ல் ஸ்காட்லாந்து வீட்டருகே ஆண்ட்ரூ பாண்ட், மோனிக் டெலக்ரா பாண்ட் என்று பெற்றோரின் கல்லறை வருகிறது. கிரேக்கும் பிறப்பிலேயே பாண்ட்தான்.

திருச்சி வாசகர்: 'ஆக்டோபஸி'யில் பாம்பாட்டி மகுடியில் பாண்ட் இசையை வாசிக்க, பாண்டே அதை அடையாளம் காண்கிறாரே. அதற்கும் தியரி உண்டா?

இருந்தாலும் எனக்கு வேண்டாம். 1983-இல் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போன படம் அது. உதய்ப்பூர் படித்துறையில் மகுடி வாசித்தது நம் சென்னை விஜய் அமிர்தராஜ். நம்ம ஊர்ப் பையன்டா என்று அப்பா சத்தமாகவே சொன்னார். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அவர் அடியாட்களை விளாசியபோது தியேட்டரே எழுந்து கைதட்டியது.

கும்பகோணம் வாசகி: இருபத்தைந்து படம் பார்க்க நேரமில்லை. ட்ரேசியின் கதையை மட்டும் எப்படிப் பார்ப்பது?

1969 படத்தை முழுதாகப் பாருங்கள், நடுவில் எழுந்திருக்காதீர்கள். மறுநாள் 1981 படத்தின் கல்லறைக் காட்சி. பாதிரியார் வந்து அலுவலகத்திலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது என்று சொல்லும் இடம் வரை போதும். பிறகு 1989-இல் அந்தக் கல்யாண வீடு. கடைசியாக 1999 படத்தில், அன்பான யாரையாவது இழந்திருக்கிறீர்களா என்று எலெக்ட்ரா என்ற பெண் பாண்டிடம் கேட்கும் இடம். பிராஸ்னன் பதில் சொல்லாமல் நழுவுகிறார். அதற்குள் அவர் யாரை நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.