தண்ணீரே இல்லாத ஆற்றுக்கு எதற்கு எச்சரிக்கைக் கம்பம்?

கேள்வி: என் மகன் ஓமனில் லாரி ஓட்டுகிறான். 'வாதி' என்கிற காய்ந்த ஆற்றைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டுமாம். பொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் ரோட்டோரம் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம் நட்டிருக்கிறார்களாமே, எதற்கு? (வாசகி, கீழக்கரை)

பதில்: வெள்ளம் வந்தால் ஆழம் தெரிவதற்கு, அம்மா. மழை உங்கள் மகன் நிற்கும் இடத்தில் பெய்யவே வேண்டாம், தூரத்தில் ஹஜர் மலையில் கொட்டினால் போதும். அந்த மலை மொட்டைப் பாறை, அதிகம் உறிஞ்சாது, விழுந்த தண்ணீர் எல்லா ஓடையிலும் ஒரே நேரத்தில் இறங்கி, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சேறும் கல்லுமாக வந்து சேரும். ஓர் அடித் தண்ணீரே சின்னக் காரை இழுத்துவிடும். லாரிதானே, கடந்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளத்தில் வண்டியை விடுவது ஓமனில் குற்றம். பக்கத்து எமிரேட்ஸில் 2023 முதல் 2,000 திர்ஹாம் அபராதம், வண்டியையும் 60 நாள் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோடு வாதியில் பிரியாணி போடுவான் அல்லவா, போடட்டும், ஆனால் மேட்டில் போடச் சொல்லுங்கள். ஆற்றுப் படுக்கையில் கூடாரம் அடித்துத் தூங்கவே கூடாது.

கேள்வி: அப்படிப்பட்ட ஆற்றை நம்பி அங்கே ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? (வாசகர், தொண்டி)

பதில்: மேலேதான் காய்ந்திருக்கும். சரளைக்கும் மணலுக்கும் அடியில் தண்ணீர் கிடக்கும், நம் பெண்கள் வைகை மணலில் ஊற்று தோண்டிச் சிரட்டையால் அள்ளினார்களே, அதே சங்கதிதான். அங்கே கிணறு வெட்டுகிறார்கள், வெள்ளம் எட்டாத கரையில் பேரீச்சை வைக்கிறார்கள், ஆடும் ஒட்டகமும் படுக்கையில் முளைத்த மரங்களை மேயும். மலைப்பக்கத்துத் தண்ணீரை 'ஃபலஜ்' என்ற வாய்க்காலில் இறக்கி, முறை வைத்துப் பங்கு போடுவார்கள். அதில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அப்புறம், மஸ்கட் பக்கம் அல் கூத் என்று ஓர் அணை இருக்கிறது, 1985இல் கட்டியது. தேக்கி வைத்துப் பாசனம் செய்ய அல்ல. வெள்ளத்தை நிறுத்தி, வண்டல் படிந்தபின் தெளிந்த தண்ணீரை மெதுவாக விட்டு நிலத்துக்குள் இறக்க. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

கேள்வி: நம்ம வைகையும் அந்த ரகம்தானா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: பாதி. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுந்து, அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலைத் தொடும். ஆனால் மேலே அணை இருக்கிறது, திறக்கும்முன் கரையோர ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். வாதிக்கு அநேக இடங்களில் அப்படி ஒரு ஷட்டரே கிடையாது. ஊற்றுக்கு மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே கணக்கு: மணல் இருந்தால்தான் அடியில் தண்ணீர் நிற்கும். இங்கே மணலை லாரி லாரியாக ஏற்றிவிட்டு, ஊற்றைக் காணோமே என்று யாரைக் கேட்பது?