உணவைக் கெடுக்கும் பாக்டீரியா காற்றில் பரவுமா?

பரவும். ஆனால் சளிக்காய்ச்சலைப் போல மூச்சுவழித் தொற்றாக அல்ல. பெரும்பாலும் தூசியில் ஏறி வந்து உணவின்மேல் அமர்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், இறைச்சி மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பெரிய பட்டி ஒன்றின் அருகே 60, 120, 180 மீட்டர் தூரங்களில் கீரை வளர்த்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2015இல் வெளிவந்தன. ஆபத்தான ஈ. கோலை ஓ157 கிருமி 180 மீட்டரில் இருந்த இலைகளிலும் கிடைத்தது; தொலைவு கூடக்கூடக் குறைந்தது, அவ்வளவுதான். சாணம் காய்ந்து பொடியாகி, மாடுகள் நடக்கும்போது கிளம்பும் புழுதிதான் வாகனம். அப்போது அங்கே 120 மீட்டர் இடைவெளி போதும் என்று நம்பியிருந்தார்கள்!

கழுவினால் கிருமி குறையும், முற்றாகப் போகாது. நன்றாக வேகவைத்த கீரைக்குப் பயமில்லை. பச்சையாகத் தின்னும் சாலட்டுக்குத்தான் கவனம் தேவை. வீட்டிலோ, புழுதியைவிடத் தெறிக்கும் நீரே பெரிய தொல்லை: பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது பக்கத்தில் நறுக்கிய வெள்ளரிக்காயை வைக்காதீர்கள்.