கழிமுகத்தில் தீர்ந்த போர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் துறவிப்படைகளைப் பற்றிய உங்கள் குறிப்பில் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா 1571-இல் ஹியே மலையை ஒரே நாளில் எரித்தார் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, ஒசாகாவின் ஹொங்கான்ஜி மடத்தை அடக்க அவருக்குப் பத்தாண்டு பிடித்தது என்கிறீர்கள். இது எனக்கு இடித்தது. இரண்டு இடத்திலும் தலையில் வெள்ளைத் துணி சுற்றி, நீண்ட பிடி போட்ட வளைவாளோடு நின்றவர்கள் அதே பிக்குகள்தானே? வீடியோ கேம்களில் அப்படித்தான் வருகிறார்கள். துப்பாக்கி வந்த பிறகு அவர்கள் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள்? கடைசியில் நொபுநாகாவின் இரும்புக் கப்பல்கள்தான் கதையை முடித்தன என்கிறார்களே, அது சரியா?

ர.

அன்புள்ள ர.,

இடித்தது நியாயம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. ஹியே மலையில் இருந்தவர்களும் ஒசாகாவில் இருந்தவர்களும் ஒரே வகை ஆட்கள் அல்ல. இடமும் வேறு, ஆயுதமும் வேறு.

முதலில் ஹியே. கியோட்டோவுக்கும் பிவா ஏரிக்கும் நடுவில் 848 மீட்டர் உயர மலை. 788-இல் சைச்சோ நிறுவிய என்ரியாகுஜி மடம் அதன் மேல் இருக்கிறது. உங்கள் கேமில் வரும் உருவம் ஏறத்தாழ இவர்களுடையது. ‘சோஹேய்’ (துறவிப் படைவீரர்) என்ற சொல் பிற்காலத்தில்தான் பரவியது. அக்கால ஆவணங்கள் இவர்களைப் பெரும்பாலும் ‘தைஷு’, அதாவது மடத்துப் பெருங்கூட்டம் என்றே சொல்கின்றன. இவர்களின் வலிமையான ஆயுதம் வாள்கூட அல்ல, சப்பரம். மலையடிவாரத்து ஹியே கோயிலின் சப்பரங்களைத் தோளில் ஏற்றித் தலைநகருக்குள் இறங்குவார்கள். காவலர்கள் அம்பு விட்டு அது சப்பரத்தில் பட்டால் தெய்வக் குற்றம். 1177-இல் அப்படிப் பட்டு, அரசவையே ஆடிப்போனது. இது தெய்வக் குற்றத்துக்கு அஞ்சுகிறவனிடம் மட்டுமே செல்லுபடியாகும் ஆயுதம்.

நொபுநாகா அஞ்சவில்லை. 1570-இல் அவருடைய எதிரிகளான அசாக்குரா, அசாய் படைகள் இந்த மலையில் ஏறி ஒதுங்கின. என் பக்கம் வாருங்கள், பறிபோன மடத்து நிலங்களைத் திருப்பித் தருகிறேன்; அது முடியாவிட்டால் யார் பக்கமும் சேராமல் இருங்கள்; இரண்டும் இல்லை என்றால் எரிப்பேன் என்று சொல்லி அனுப்பினார். மடம் அசையவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சுமார் 30,000 பேர் மலையை வளைத்து, அடிவாரத்து சக்காமோட்டோ ஊருக்குத் தீ வைத்துவிட்டு மேலே ஏறினார்கள். மடம் கோட்டை அல்ல. மதில் இல்லை, அகழி இல்லை, சேர்த்துவைத்த வெடிமருந்தும் குண்டும் இல்லை. செத்தவர்கள் 3,000, 4,000 என்று சொல்வது வழக்கம். ஆனால் மலையில் அகழாய்வு செய்தபோது அந்தக் காலத்துக்குரிய எரிந்த படலம் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. பல கட்டடங்கள் ஏற்கெனவே பாழாகிக் கிடந்தன, பிக்குகளில் பெரும்பாலோர் கீழே சக்காமோட்டோவில்தான் வாழ்ந்தார்கள். ஆக, அந்த நாளில் எரிந்தது பெருமளவு அடிவாரத்து ஊர்.

ஒசாகா வேறு கதை. ஹொங்கான்ஜி மடம் ஜோடோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவின் தலைமையிடம். இந்தப் பிரிவின் பூசாரிகள் மணம் செய்துகொள்வார்கள், தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். அமிதாபரின் பெயரை நம்பிச் சொன்னால் போதும், உழவனுக்கும் படகோட்டிக்கும் சுகாவதி என்ற அவரது தூய உலகில் இடமுண்டு என்பது போதனை. ஆகவே இங்கே போரிட்டவர்களில் மழித்த தலைகள் கொஞ்சம்தான். மீதிப் பேர் விவசாயிகள், வணிகர்கள், சிறு நிலக்கிழார்கள். இவர்களின் எழுச்சிக்கு இக்கோ-இக்கி என்று பெயர். 1488-இல் காகா மாகாணத்தில் ஆளுநர் தொகாஷி மசாச்சிக்காவை ஒழித்துவிட்டு ஏறக்குறைய நூறாண்டு அந்த மாகாணத்தையே தங்கள் கையில் வைத்திருந்தார்கள். பௌத்தர் ஆயுதம் எடுக்கலாமா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டால் சிரித்திருப்பார்கள். நிலம் இருந்தது, அதைப் பறிக்க ஆள் இருந்தான், எடுத்தார்கள்.

இடத்தைப் பாருங்கள். 1496-இல் மடாதிபதி ரென்னியோ கட்டிய இந்த மடம் (இஷியாமா ஹொங்கான்ஜி) உயேமாச்சி மேட்டின் வடமுனையில் இருந்தது. வடக்கே யோடோ ஆறு. கிழக்கே சதுப்பு. மேற்கே நாணல் காடும் மணல் திட்டுகளும் கால்வாய்களுமாகக் கடல் வரை ஈரநிலம். காய்ந்த தரை வழியாக வரவேண்டும் என்றால் தெற்கிலிருந்து, தென்னோஜி பக்கமாக மட்டும்தான். (பின்னாளில் இதே இடத்தில், நொபுநாகாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஹிதேயோஷி கட்டிய ஒசாகாக் கோட்டைக்கும் அதே தெற்குதான் பலவீனம். 1614-இல் கோட்டையைக் காத்த சனாதா அங்கே தனிக் கொத்தளம் கட்டியது அதனால்தான்.) மடத்தைச் சுற்றி 51 காவல் கோட்டைகள் இருந்ததாக நொபுநாகாவின் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். எண் எப்படியோ, முக்கியமானது கிசு ஆற்றுக் கழிமுகத்தில் இருந்த காவல். கடலிலிருந்து அரிசி வரும் வாய் அது.

அடுத்து துப்பாக்கி. நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, துப்பாக்கியால் லாபம் அடைந்தது மடம்தான். மடத்துக்காகப் போரிட்ட கீ மாகாணத்து சைகா ஆட்கள், சுசுக்கி மகோய்ச்சி போன்றவர்களின் தலைமையில், அன்றைய ஜப்பானின் தேர்ந்த துப்பாக்கிக்காரர்கள். திரித் துப்பாக்கியை நிரப்பும் வேலையை யோசித்துப் பாருங்கள். குழாயில் மருந்தைக் கொட்ட வேண்டும், ஈயக்குண்டைப் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும், பக்கத்துக் கிண்ணியில் பொடிமருந்து வைத்து மூடியை அடைக்க வேண்டும், எரியும் திரியை ஊதிக் கவ்வியில் மாட்ட வேண்டும், மூடியைத் திறந்து சுட வேண்டும். அளந்து வைத்த மருந்தும் குண்டும் சேர்ந்த குழல்கள் இடுப்பில் இருந்தாலும் அரை நிமிடத்தை ஒட்டி ஆகும். சில முறை சுட்டதும் குழாய்க்குள் கரி படிந்து குண்டு இறங்காது, அதற்காகவே சற்றுச் சிறிய குண்டுகளைத் தனியே வைத்திருப்பார்கள். மழை பெய்தால் திரி அணையும். காற்றடித்தால் கிண்ணி மருந்து பறக்கும். இந்தக் குறைகளெல்லாம் முன்னேறி வருபவனைத்தான் அதிகம் வதைக்கும். மண்மேட்டுக்குப் பின்னால், கூரைக்கடியில், பக்கத்தில் நிரப்பித் தர ஆளோடு உட்கார்ந்திருப்பவனுக்குப் பாதிக் குறை தீர்ந்துவிடும். எதிரி வேறு, சேற்றில் இறங்க முடியாமல் கரை மேல் வரிசையாக வருகிறான்.

தண்ணீரின் பாடத்தை நொபுநாகா வேறோர் இடத்தில், பெரிய விலை கொடுத்துப் படித்தார். கிசோ, நாகாரா, இபி ஆறுகள் கடலில் சேரும் நாகாஷிமா டெல்டாவில் இன்னொரு இக்கோ-இக்கி. 1571-இல் போன படை திரும்பும்போது குறுகிய வழியில் மாட்டிக்கொண்டது. அவருடைய தளபதிகளில் ஷிபாத்தா கட்சுயே காயம்பட்டார், உஜியே பொக்குசென் இறந்தார். 1573-இலும் திரும்பும் வழியில் அடி, அன்று மழை, துப்பாக்கி வேலை செய்யவில்லை. 1574-இல்தான் தன் கடற்படைத் தலைவர் குக்கி யோஷிதாக்காவின் கப்பல்களைக் கொண்டுவந்து ஆறுகளை அடைத்தார். இரண்டரை மாதத்தில் உள்ளே பசி. சரணடைந்து படகில் வெளியேறியவர்களைச் சுட்டார்கள். அந்த வெறியில் 700, 800 பேர் உடை களைந்து வாளோடு பாய்ந்து, நொபுநாகாவின் அண்ணன் நொபுஹிரோ உட்படப் பலரை வெட்டிச் சாய்த்தார்கள். கடைசி இரண்டு கோட்டைகளைச் சுற்றி வேலிகட்டித் தீ வைத்தார்கள். உள்ளே 20,000 பேர், ஆண் பெண் குழந்தைகள், என்று எழுதியிருப்பது நொபுநாகாவின் எதிரி அல்ல, அவருடைய ஆளே.

ஒசாகாவிலும் அதையே செய்யப் பார்த்தார். 1576-இல் அவருடைய தளபதி பான் நவோமாசா கிசுக் கழிமுகத்தைப் பிடிக்கப் போனார். மடத்திலிருந்து 10,000 பேர் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளோடு இறங்கி அவரைச் சூழ்ந்தார்கள். பான் இறந்தார். தென்னோஜிக் காவல் விழும் நிலை. நொபுநாகா கையில் கிடைத்த 3,000 பேரோடு 15,000 பேர் மேல் பாய்ந்து அதைக் காப்பாற்றினார், காலில் குண்டுக் காயத்தோடு. அதே ஆண்டு மடத்தின் கூட்டாளியான மோரி குலத்தின் 700, 800 படகுகள் அரிசியோடு வந்தன. நொபுநாகாவின் 300 படகுகள் குறுக்கே நின்றன. மோரி மாலுமிகள் மருந்து அடைத்த உருண்டை மண்கலங்களைத் தீப்பற்ற வைத்து எறிந்தார்கள். ‘ஹோரோக்கு’ என்று பெயர், சமையலறையில் வறுக்கும் மண்சட்டியின் பெயர்தான். நொபுநாகாவின் கப்பற்படை எரிந்தது, அரிசி உள்ளே போனது.

இப்போது உங்கள் இரும்புக் கப்பல். மண்சட்டிக்கு விடையாக நொபுநாகா குக்கியிடம் ஆறு பெருங்கப்பல்கள் கட்டச் சொன்னது உண்மை. அகலம் 7 கென், நீளம் 12, 13 கென் என்று ஒரு நாட்குறிப்பு சொல்கிறது, அதாவது ஏறத்தாழ 13 மீட்டருக்கு 23 மீட்டர். ‘இரும்பு’ என்ற சொல்லும் அந்த நாட்குறிப்பில்தான் இருக்கிறது. எழுதியவர் நாராவில் இருந்த ஒரு பிக்கு, கேள்விப்பட்டதை எழுதினார். இரும்புத் தகடு போர்த்தியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது கப்பலில் இருந்த பெருந்துப்பாக்கிகள். ஈசேயிலிருந்து வரும் வழியில் சைகாவின் சிறுபடகுகள் சூழ்ந்தபோது குக்கி அவர்களைக் கிட்டே வரவிட்டுச் சுட்டார். 1578 இறுதியில் மோரியின் 600 படகுகள் மீண்டும் வந்தபோதும் அதே உத்தி, தளபதி ஏறியிருந்த படகைக் குறிவைத்து. மற்றவை பின்வாங்கின.

ஆனால் அதோடு முடியவில்லை. அதற்குப் பின்னும் மடம் ஒன்றரை ஆண்டு நின்றது, ஏனென்றால் சுற்றிலும் நொபுநாகாவுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் இருந்தார்கள். அராக்கி முராஷிகேயின் அரியோக்கா கோட்டை 1579-இல் விழுந்தது. பட்டினி போட்டு வளைத்த மிக்கி கோட்டை 1580 தொடக்கத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மடாதிபதி கென்னியோ பேரரசரின் சமரசத்தை ஏற்றார். உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு அந்த ஆண்டே கீ மாகாணத்துக்குப் போனார். மகன் கியோனியோ மறுத்து உள்ளே இருந்தார், சில மாதங்களில் அவரும் வெளியேறினார். உடனே மடத்தில் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. சண்டையிட்டு மதிலைத் தாண்டி ஒரு சாமுராயும் உள்ளே போகவில்லை.

நொபுநாகா இதை வெற்றியாக எண்ணினாரா? பானுக்குப் பின் தென்னோஜியில் முற்றுகையை நடத்திய சக்குமா நொபுமோரிக்கு அதே மாதத்தில் 19 குற்றங்கள் அடுக்கி ஓலை அனுப்பினார். ஐந்தாண்டு உட்கார்ந்திருந்தாய், நல்லதோ கெட்டதோ ஒன்றும் செய்யவில்லை என்பது முதல் குற்றம். அது அநியாயம் என்றே சொல்வேன். கடல் வழி திறந்திருந்த காலத்தில் தெற்கு மேட்டிலிருந்து அந்த மனிதர் என்ன செய்திருக்க முடியும்? பானைப் போல் போய்ச் சாகலாம், அவ்வளவுதான். சக்குமாவின் சொத்தெல்லாம் போயிற்று. மகனைக் கூட்டிக்கொண்டு அவர் போய் ஒதுங்கிய இடம் கோயா மலை, அதுவும் ஒரு பௌத்த மடம்.