கடைசி இலக்கம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 46 வயது. 1999-ல் இயற்பியல் பட்டம் முடித்தேன். வகுப்பில் எப்போதும் நான்தான் முதல். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம், குடும்பம் எதிலும் குறையில்லை. ஆனால் 25 ஆண்டுகள் கழித்து எங்கள் வகுப்பு ஒன்றுகூடிய நாளிலிருந்து சரியான தூக்கமில்லை.

ஆய்வகத்தில் கால்வனாமீட்டரைப் புகைய வைத்த பையன் இன்று மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். செமினாரில் பேசப் பயந்து அழுத பெண் இன்று வழக்கறிஞர். ஏழு அரியர் வைத்திருந்தவனிடம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் என் நோட்டை வாங்கிப் படித்தவர்கள்தான். பொறாமை என்று நினைக்காதீர்கள் மேடம், நான் கேட்பது நியாயம். உழைத்தது நான்.

முதுகலைக்கு இடம் கிடைத்தும், அப்பா படுக்கையில் விழுந்ததால் வேலைக்குப் போனேன். அதைப் பற்றி அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவரவர் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் விடுதி அறைத்தோழியும் வந்திருந்தாள். ஒளியியல் தாளை மூன்று முறை எழுதியவள், இப்போது மேடை நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறாளாம்! கிளம்பும்போது, "நீ இன்னும் ராத்திரி வானம் பார்க்கிறியா?" என்றாள். தன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு என் எண்ணைக் கேட்டாள். கடைசி இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். 97-ல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் தெரிந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றிருக்கிறோம். அந்தத் தாள் கைப்பையில்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

நோட்டை வாங்கிப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், கொடுத்த நான் இங்கேயே இருக்கிறேன். அப்படியென்றால் மதிப்பெண்ணுக்கு வாழ்க்கையில் மதிப்பே இல்லையா? என் மகனை "படி, படி" என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் கடைசி இலக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். ஒரே போர்வைக்குள் நின்றவளுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு, "அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிடக்க மாட்டேன் என்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மை எடைபோட நம்மைப் போன்றவர்களையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம் என்று லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார். முன்பின் தெரியாத கோடீஸ்வரர் நம்மை உறுத்துவதில்லை, பக்கத்து பெஞ்சில் இருந்தவர் உறுத்துகிறார். அதனால் பொறாமை என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நியாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் உழைப்புக்கான முதல் மதிப்பெண் அன்றே உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் அவர்கள் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவில்லை. பேசப் பயந்த பெண் நீதிமன்றத்தில் முதல் தடவை எழுந்து நின்ற நாள் எப்படி இருந்திருக்கும்? கேட்டீர்களா? யாரும் உங்களைக் கேட்கவில்லை என்று வருந்துகிறீர்கள். நீங்கள் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதாக இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பாதை திரும்புவது உங்கள் வகுப்பில் மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. ஆல்பர்ட் பண்டுரா உலகமே அறிந்த உளவியலாளர். கல்லூரிக்குச் சீக்கிரமே வந்துவிடும் நாட்களில் காலை நேரத்தை நிரப்ப ஒரு வகுப்பு வேண்டும் என்றுதான் அவர் உளவியல் பாடத்தில் சேர்ந்தார். இப்படிப்பட்ட தற்செயல்கள் வாழ்க்கையை எப்படித் திருப்புகின்றன என்று 1982-ல் ஒரு கட்டுரையே எழுதினார். உங்களுக்கு அந்தத் திருப்பம் அப்பாவின் நோயாக வந்தது. இருபது வயதில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி எனக்கு மரியாதைதான் இருக்கிறது.

சரி, தோழியிடம் வருகிறேன். யாரும் கேட்கவில்லை என்றீர்கள். ஒருத்தி கேட்டாள். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்கவில்லை. மாடியில் நின்ற பெண் எங்கே என்று கேட்டாள். அதற்கு உங்களிடம் இருந்த பதில் "இல்லை" என்பது. முதுகலை கையை விட்டுப் போனதற்கு அப்பாவின் நோயைக் காரணம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு ராத்திரி மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்காததற்கு யாரைக் காரணம் சொல்வது? எண் சரியாக இருந்தால் அவள் கூப்பிடுவாள், இதைப் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் மாற்றினீர்கள் என்று எனக்குப் படுகிறது. செய்து கெட்டதைவிடச் செய்யாமல் விட்டதுதான் நாள்பட நாள்பட அதிகம் உறுத்தும் என்று கிலோவிச், மெட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் எழுதினார்கள். ஏழு அரியர்காரனின் நாற்பது ஊழியர்களைவிட உங்களுக்கு அதிகம் வலித்தது அந்த ஒரு கேள்விதான்.

மகனைப் பற்றிய கேள்வியை இப்போது நான் தொடவில்லை. அவனை நீங்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவன் எங்கும் போய்விடவில்லை.

அந்தத் தாளை நீங்கள் கிழித்துப் போடவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. எடுத்து, அவளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "அன்று என் எண்ணைத் தப்பாகச் சொன்னேன், தெரிந்தேதான் சொன்னேன்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வானம் பார்ப்பதில்லை என்றால் பார்ப்பதில்லை என்றே எழுதுங்கள். அவள் கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவள் உரிமை. கோபம் ஆறிய பிறகு, மேடை விளக்குப் பக்கம் எப்படிப் போனாள் என்று கேளுங்கள். ஒளியியலை மூன்று முறை எழுதியவள் அதைச் சொல்லக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்