விழுந்த வேம்பு: விற்பதா, அறுப்பதா?

கேள்வி: அண்ணே, உச்சிப்புளி பக்கம் எங்கள் கொல்லையில் நின்ற பழைய வேப்பமரம் மழைக்காற்றில் சாய்ந்துவிட்டது. வியாபாரி ஒருத்தர் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளை வேர் எல்லாம் சேர்த்து ஆறாயிரம், நானே வெட்டி ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். தம்பி வீடு கட்டப்போகிறான். இடத்திலேயே மெஷின் வைத்து அறுத்துக்கொண்டால் லாபமா?

பதில்: டேப்பைத் தொடாமல் விலை சொன்னவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். முதலில் நீங்களே அளந்து பாருங்கள். காசு இருப்பது அடிமரத்தில்தான், கிளையெல்லாம் விறகுக் கணக்கு. கட்டையின் நடுவில் சுற்றளவு எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 5 அடி சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 15 அங்குலத்துக்கு 15 அங்குலம், எட்டடி: 12.5 கன அடி. அதே கட்டையை மெலிந்த நுனியில் 4 அடி என்று அளந்தால் 8 கன அடிதான் வரும். எங்கே டேப் வைக்கிறார் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். இந்த நாலால் வகுக்கும் கணக்கே உருண்டைக் கட்டையின் உண்மையான கொள்ளளவில் 78 சதவீதத்தைத்தான் காட்டும், சேதாரத்தை அதிலேயே கழித்தாயிற்று. அப்புறம் பட்டைக்கு, சேதாரத்துக்கு என்று மறுபடி கழிக்க வந்தால் விடாதீர்கள். பொந்து இருந்தால் மட்டும் கழிப்பது நியாயம். கோடரியின் பின்பக்கத்தால் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும்.

இனி அறுப்பு. இடத்துக்கு வரும் மெஷின் செயின் ரம்பம் என்றால், ஒரு அறுப்புக்குக் கால் அங்குலத்துக்கு மேல் மரத்தைத் தின்னும். ஒரு அங்குலப் பலகையாக அதில் அறுத்தெடுத்தால் மூன்று நாலு அறுப்புக்கு ஒரு பலகை தூளாகப் போகும். பலகைதான் வேண்டும் என்றால் மெல்லிய பட்டை பிளேடு ஓடும் பேண்ட் ரம்பம் இருக்கிற மில்லுக்கே கொண்டுபோங்கள். நிலை, ஜன்னல் சட்டம் என்றால் அறுப்பு குறைவு, சேதாரமும் குறைவு, லாரி ஏற்றும் செலவும் மிச்சம். உங்கள் தம்பிக்கு நிலைதானே வேண்டும்? அப்படியானால் இடத்திலேயே அறுங்கள்.

கூலியை உருண்டைக் கட்டைக்குப் பேசுகிறீர்களா, அறுத்து வந்த சட்டத்துக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். ஓரப் பலகை யாருக்கு என்பதையும். ஆணி இன்னொரு தலைவலி. நம் பக்கம் கொல்லை வேம்பில் கொடிக்கயிறு, வலை, ஊஞ்சல் எல்லாம் கட்டியிருப்போம், ஆள் உயரம் வரை ஆணி உள்ளே புதைந்திருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆணியில் பட்டு ரம்பப் பல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசிவையுங்கள். மணலும் பல்லை மழுக்கும், அடிமரத்தில் ஒட்டியதைக் கழுவிவிட்டால் பாதி சண்டை வராது.

அறுத்ததை வெயிலில் போடாதீர்கள். பெரியபட்டினத்தில் என் மாமா சித்திரை வெயிலில் அடுக்கிவைத்த வேப்பஞ்சட்டம் வில்லாக வளைந்து, கடைசியில் ஆட்டுக்கொட்டகைக்குத்தான் ஆனது. நிழலில், தரைக்கு மேலே கல் வைத்து, அடுக்குக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய சட்டம் கொடுத்து, இரண்டு முனையிலும் பழைய பெயிண்ட் பூசி வையுங்கள். தம்பி வீட்டு வேலை அடுத்த மாதமே என்றால் இந்த மரம் அதற்கு ஆகாது, ஈரமரத்தில் நிலை வைத்தால் கதவு சிக்கும்.

கேள்வி: பட்டுப்போன பனை இரண்டு நிற்கிறது. கூரைக்குக் கைமரமாக வெட்டலாமா?

பதில்: பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், சொந்த நிலம் என்றாலும். அதை வாங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மற்ற மரத்துக்கு நேர்மாறாகப் பனையில் வைரம் வெளிப்பக்கம், நடுவே மெத்தென்ற சோறுதான். அதனால் சுற்றளவுக் கணக்கு இதற்குச் செல்லாது. ஒரு மரத்தில் எத்தனை கைமரம் தேறும் என்று எண்ணித்தான் பேச வேண்டும்.