போர் தண்ணீரில் ஈ.கோலை: கிணற்றிலா, தொட்டியிலா?

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் குடிப்பதற்குப் போர் தண்ணீர்தான். நல்ல ஆழம், தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, டிடிஎஸ் குறைவு. ஆனால் விடுதிக் குழாயில் எடுத்த மாதிரியில் ஈ.கோலை என்ற கிருமி இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. வேறு போர் போடலாமா, ஆர்.ஓ. வைத்தால் போதுமா?

பதில்: முதலில், இன்றிலிருந்தே குடிநீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து ஆறியபின் கொடுங்கள். 'கோலிஃபார்ம்' (ஈ.கோலையும் அடங்கிய பெரிய கிருமிக் குடும்பம்) என்று மட்டும் அறிக்கை சொல்லியிருந்தால் மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்று யோசிக்க இடமுண்டு. ஈ.கோலை குடலில் வாழும் கிருமி; அது இருந்தால் மலக்கழிவு எங்கோ கலக்கிறது. 100 மி.லி. குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும். கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

புதுப் போருக்குச் செலவு செய்யுமுன், ஒரே நாளில் மூன்று இடங்களில் மாதிரி எடுங்கள்: போரிலிருந்து தண்ணீர் தொட்டிக்கு ஏறுமுன், மேல்நிலைத் தொட்டியில், கடைசிக் குழாயில். குழாய் வாயைத் துடைத்து, தீயில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். பழைய மினரல் வாட்டர் பாட்டில் உதவாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. தண்ணீரில் குளோரின் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதை முறிக்க சோடியம் தயோசல்ஃபேட் போட்ட பாட்டில் தருவார்கள்.

போர் சுத்தம், தொட்டியில் கிருமி என்று முடிவு வந்தால் எளிது. திறந்த மூடி, பறவை எச்சம், அடியில் படிந்த சேறு ஆகியவையே பெரும்பாலும் காரணம். தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் சேர்த்து, குழாய்கள் வரை நிரப்பி, 12 மணி நேரமாவது விட்டு வெளியேற்றுங்கள். 10,000 லிட்டர் தொட்டிக்கு, 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 1.7 கிலோ ஆகும். திறந்து கிடந்த பழைய மூட்டை வீரியம் இழந்திருக்கும். இந்தத் தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாதீர்கள்.

போரிலேயே கிருமி இருந்தால் ஆழத்தை நம்பிப் பயனில்லை. துளை சரியாமல் இருக்க உள்ளே இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றிய இடைவெளியை சிமென்ட் கலவையால் அடைக்காமல் விட்டிருந்தால், மேலே தேங்கும் தண்ணீர் அந்த வழியே நேராக இறங்கிவிடும். பாறைப் பகுதியில் செப்டிக் டேங்க் கசிவு வெடிப்புகள் வழியாக வெகுதூரம் வரும். அதனால் மழை ஓய்ந்த கையோடு போரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்: குட்டை நிற்கிறதா, மேடையில் விரிசல் உண்டா, கேசிங் தரைமட்டத்தில் நிற்கிறதா, கழிவுநீர்க் குழாய் எவ்வளவு அருகில் போகிறது? இவற்றைச் சரிசெய்யாமல் போட்டால் புதுப் போருக்கும் இதே கதிதான்.

ஆர்.ஓ.வைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. அதிலுள்ள சவ்வு கிருமியை வடிகட்டலாம். ஆனால் வெளிவரும் நீரில் குளோரின் இராது; அதைச் சேமிக்கும் தொட்டியில் கிருமி மறுபடி வளரும். உப்பு குறைவாக இருக்கும் உங்கள் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை. குளோரின் செலுத்தும் சிறு பம்ப் ஒன்று வைத்து, கலந்த 30 நிமிடத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மி.கி.யும், கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மி.கி.யும் மிஞ்சும்படி பாருங்கள். இதைச் சோதிக்கும் சிறு பெட்டி கடையில் கிடைக்கும். தினமும் ஒருவர் பார்த்து நோட்டில் குறிக்கட்டும். மூன்று இடங்களின் அறிக்கை வந்ததும் அனுப்புங்கள்.