ஜூலி ஃபௌலிஸை எப்படிக் கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பிரேவ்’ அனிமேஷன் படப் பாடல்கள் வழியாக ஸ்காட்லாந்துப் பாடகி ஜூலி ஃபௌலிஸைக் கண்டுகொண்டேன். இப்போது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அவர் பாடிய பாடல்களைத் தேடிக் கேட்கிறேன். குரல் கட்டிப்போடுகிறது. ஆனால் மொழி தெரியாததால் நாலு பாட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. சிலவற்றில் ‘ஹோ ரோ’, ‘ஹீ ரீ’ என்று பொருளில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? எதில் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

‘கெல்டிக்’ என்று செயலிகள் தொகுத்துத் தருவதில் பெரும்பகுதி தூங்கவைக்கும் இசை. சிந்தசைசரும் எதிரொலியும்தான் அதில் இருக்கும். ஃபௌலிஸை அந்த வரிசையில் வைத்துக் கேட்டால் அவர் பாட்டும் அப்படித்தான் தோன்றும். ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவில் வளர்ந்தவர் அவர். பாடுவதில் பல, அந்தத் தீவுகளில் வேலைக்கும் ஆட்டத்துக்கும் இருந்த பாட்டுகள். எது எதற்கானது என்று தெரிந்துவிட்டால் பாட்டுகள் தாமே தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் ‘ஹோ ரோ’ கம்பளித்துணி அடிக்கும் பாட்டுகளில் அதிகம். தறியிலிருந்து இறங்கிய துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். நாள்பட்ட சிறுநீரில் அதை நனைப்பார்கள். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும், சாயத்தையும் பிடிக்கவைக்கும். (இந்தப் பகுதியை ஆல்பக் குறிப்புகளில் நாசூக்காக விட்டுவிடுவதுண்டு.) பிறகு எட்டுப் பத்துப் பெண்கள் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, துணியை அறைந்து அறைந்து பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார்கள். துணி வலமாகவே சுற்றும். ஒருத்தி வரியைப் பாட, மற்றவர்கள் அசைகளைப் பாடுவார்கள். அவை வாய்க்கு வந்த ஒலிகள் அல்ல. இன்ன பாட்டுக்கு இன்ன அசை என்று வரையறை உண்டு. அவர்கள் அதைப் பாடும் நேரத்தில்தான் முன்பாடகி மூச்சு வாங்கி அடுத்த வரியை எடுக்கிறாள். ஒலிப்பதிவில் பலகை இல்லை. துணியை அறையும் ஒலியின் இடத்தில் கிட்டாரும் புஸூக்கி என்ற தந்திக்கருவியும் இருக்கின்றன. வரிகளை விட்டுவிட்டு முதலில் அசைகளை மட்டும் பின்தொடருங்கள்.

வேகமான பாட்டுகள் வேறு இனம். பிடிலோ பேக்பைப்போ கிடைக்காதபோது வாயாலேயே ஆட்டத்துக்கு மெட்டுக் கொடுத்தவை அவை. சொற்கள் தாளத்துக்காக வந்தவை என்பதால் பொருள் தேட வேண்டாம். ‘ப்ரோகன் லோம்’ என்ற பாட்டு நீர்த்த கஞ்சியைப் பற்றியது, அவ்வளவுதான். இவற்றில் பாடகருக்கு மூச்சு எடுக்கவே இடம் இருக்காது. ஃபௌலிஸ் எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள். எனக்கு அவருடைய மேதைமை அந்த இடத்தில்தான் தெரிகிறது. இனிமையான குரல் பலருக்கும் உண்டு.

அடுத்தது மெய்யொலிகள். கேலிக்கில் சொல்லின் உள்ளேயோ இறுதியிலோ வரும் வல்லினத்துக்கு முன்னால் ஒரு மூச்சொலி வரும். ‘மக்’ என்று எழுத்தில் தெரிவது ‘மஹ்க்’ என்று ஒலிக்கும். சில மெய்களுக்கு நடுவே எழுத்தில் இல்லாத உயிரும் நுழையும்: ‘அல்பா’ காதுக்கு ‘அலபா’. இதையெல்லாம் கேட்க, அடித்தொனியைக் கூட்டும் ‘பாஸ் பூஸ்ட்’ வசதியை அணையுங்கள். மெய்யொலிகளைத் தெளிவாக்கும் பகுதி பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. அடித்தொனி பெருத்தால் அது அமுங்கிப்போகும். செயலியில் டேட்டா சேமிப்பு நிலையும் வேண்டாம். குறைந்த பிட்ரேட்டில் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கரைந்துவிடும்.

2007-இல் வந்த ‘கூலி’ ஆல்பத்தில் தொடங்குங்கள் (தமிழ்க் கூலிக்கும் இதற்கும் தொடர்பில்லை). முதல் பாட்டே வாய்மெட்டு. ஷஃபிள் இல்லாமல் வரிசையாகக் கேளுங்கள். பிறகு 2009-இல் வந்த ‘உவம்’.

அதற்கும் பிறகு ‘தோபர் அன் துவலகிஷ்’ இணையக் காப்பகத்துக்குப் போங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951 முதல் சேகரித்த களப்பதிவுகளும் பிபிசி பதிவுகளும் அங்கே இலவசம். ஊர்ப்பெயரைக் கொண்டு தேடலாம், ஆங்கிலச் சுருக்கமும் இருக்கும். பாட்டின் பெயரைத் தட்டும்போது எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றில் கிடைக்காவிட்டால் முதல் வரியை இட்டுப் பாருங்கள். பழைய நாடாப் பதிவுகளில் இரைச்சல் இருக்கும். மென்பொருளால் அதை நீக்கப் பார்க்காதீர்கள், வல்லினத்துக்கு முன்னால் வரும் அந்த மூச்சும் சேர்ந்து போய்விடும்.